பச்சை பிடித்த பிசின்

எங்கள் பேராசிரியருக்கு வேதியியலில் எல்லாமே தெரியும், கலக்க மட்டும் தெரியாது. அயனி பரிமாற்றுப் பிசின் செய்வதில் பாதி வேலை கலக்குவதுதான். அந்தப் பாதி, டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த என் தலையில் விழுந்தது. மீதிப் பாதி, செய்ததைப் பற்றிப் பேசுவது. அதை அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. நில உச்சவரம்புச் சட்டம் இறுக ஆரம்பித்து, மிராசுதார்கள் மாமன், மச்சான், மச்சானின் கைக்குழந்தை என்று அகப்பட்ட பேருக்கெல்லாம் நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்த காலம். பேராசிரியரின் குடும்பம் அதற்கும் முந்தியே சாமர்த்தியமாக நிலத்தை விற்றுப் பிள்ளைகளின் படிப்பில் போட்டுவிட்டது. நிலம் போனாலும் நிலக்காரரின் நடை அவரை விட்டுப் போகவில்லை. நடவு வயலின் வரப்பில் நிற்கிற மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சோதனைக்கூடத்தில் நிற்பார். நான் வேலை செய்வேன்.

வேலை இதுதான். ஸ்டைரீன் என்கிற எண்ணெயையும், அதை முடிச்சுப் போட்டு இறுக்குகிற இன்னொரு எண்ணெயையும் சுடுதண்ணீரில் விட்டுக் கலக்க வேண்டும். தண்ணீர் சற்றுக் கொழகொழவென்று இருந்தால்தான் எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். அதற்கு வெளிநாட்டுப் பொடி ஒன்றை வரவழைக்க வேண்டும் என்று பேராசிரியர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஹாஸ்டல் சமையலறையில் வடித்த கஞ்சியை வாங்கி வந்து ஊற்றினேன். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அப்படியே இறுகி ஜவ்வரிசி மாதிரி மணிமணியாகத் திரண்டன. கலக்குவதை ஒரு நிமிஷம் நிறுத்தினால் போயிற்று, எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. ஒருநாள் என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கரண்ட் போனது. கலக்கும் மோட்டார் நின்றது. கையால் கலக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் திரும்பி வந்தபோது குடுவைக்குள் குடுவை அளவுக்கு ஒரு கொழுக்கட்டை உட்கார்ந்திருந்தது. குடுவையை உடைத்துத்தான் எடுத்தோம். ஆசிரியர் அறையில் அதைக் காட்டி, எதிர்பாராமல் ஒரு புதுப் பொருள் கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிகள் திரண்ட பிறகு கந்தக அமிலத்தில் போட்டுச் சுடவைத்தால் பழுப்பாகும். அப்புறம் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க வைத்துக் கழுவ வேண்டும். அவசரப்பட்டு நேராகத் தண்ணீரில் கொட்டினால் மணிகள் பொரி மாதிரிப் படபடவென்று வெடித்துவிடும். கடைசியில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பிசின் தயார். ஒவ்வொரு மணிக்குள்ளும் உப்பின் சோடியம் போய் உட்கார்ந்திருக்கும். உலோகம் கலந்த தண்ணீர் அந்த வழியாக வந்தால் சோடியம் இறங்கிவிடும், உலோகம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டவுன் பஸ்ஸில் ஆள் இறங்கி ஆள் ஏறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பஸ் நிறைந்துவிட்டால் அதற்குமேல் யாரும் ஏற முடியாது என்பது உள்பட.

பிசின் என்று பெயர் வைத்ததும் ஒரு கதை. தேர்தலுக்கு முன்பு வரை பேராசிரியர் வாயில் ரெசின்தான். வீட்டில் ஆங்கிலப் பேப்பர், வகுப்பில் ஆங்கிலம், பியூனைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். ஆட்சி மாறி, எதையும் தமிழில் சொன்னால் கோட்டையில் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர் ஒரே வாரத்தில் பிசினுக்கு மாறிவிட்டார். தமிழ் மேல் எனக்கு இல்லாத பிரியமா? ஆனால் அவர் வாயில் அந்த வார்த்தை வாடகைச் சட்டை மாதிரி இருந்தது.

இனி என் அத்தை. அப்பாவின் கூடப் பிறந்தவள். கும்பகோணம் போகிற வழியில் ஒரு கிராமத்தில், மிராசுதார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தாள். மாமா சாவதற்கு முன்பே குத்தகையைப் பதிவு செய்துவிட்டதால் அவளை எளிதில் கிளப்ப முடியாது. அத்தை நல்லவள் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். வாய் நீளம். மனு எழுதிப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. தாசில்தார் ஆபீஸ் பியூன் அவளைத் தூரத்தில் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுவான். ஆனால் ஹாஸ்டலில் நான் தின்ற சோறெல்லாம் அந்த வயலின் நெல். அந்த நிலம் போனால் அத்தைக்குப் போக்கிடம் கிடையாது, அவள் வாய்க்கும் மதிப்புக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், மிராசுதாருக்கும் தெரியும்.

உச்சவரம்பிலிருந்து தப்ப மிராசுதார் ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தையின் வயலுக்கு மேல்பக்கம், வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, நிக்கல் முலாம் பட்டறை என்று போர்டு மாட்டிவிட்டார். இது விளைநிலம் இல்லை, தொழிற்சாலை என்று அதிகாரிகளிடம் காட்டத்தான். சுவாமிமலையில் அவ்வளவு பேர் சிலை வார்க்கும்போது நான் நாலு டம்ளருக்கு முலாம் பூசக்கூடாதா என்று கேட்பார். அவருக்கு நிக்கலும் தெரியாது, முலாமும் தெரியாது. டம்ளரில் தண்ணீர் குடித்தால்கூட வேட்டியை நனைத்துக்கொள்கிற ஆள். முலாம் பூசிய பாத்திரங்களை அலசிய தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. அந்த வாய்க்கால் அத்தையின் மடைக்கு வந்தது.

அந்த வருஷக் குறுவை நடவு முடிந்து, அத்தை கல்லூரி வாசலில் வந்து நின்றாள். மடியில் நாலு நாற்று.

"பாருடி இத. நட்டு எத்தன நாளாச்சு, இன்னும் பச்சை பிடிக்கல. வேரு கட்டையா நிக்குது."

பச்சை பிடிப்பது என்றால் டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடிப் பழுத்துச் சாய்ந்துவிடும். புது வேர் விட்டு நிமிர்ந்து நிறம் திரும்பினால், பயிர் பச்சை பிடித்துவிட்டது என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் விவசாயிக்கு வயிற்றில் சோறு இறங்கும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசுவதைக்கூடப் பச்சை பிடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள்.

வயல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கண்ணாடிக் குழாயில் பிசின் மணிகளைப் போட்டு அந்தத் தண்ணீரை வடியவிட்டேன். மேலிருந்து பழுப்பு மணிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. நிக்கலின் நிறம் அது. பேராசிரியரிடம் காட்டி, இதைத் தாசில்தாருக்கு எழுதிக்கொடுங்கள் சார் என்றேன். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பார்த்தது நிக்கலை அல்ல. எம்.எல்.ஏ.வை, மேடையை, மாலையை.

"புகார் எழுதி என்னம்மா ஆகப் போகுது? நாம தீர்வு கொடுப்போம். பட்டறையிலயே நம்ம பிசினை வச்சிடலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் மாதக்கணக்கில் கலக்கினேன். ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் நிறைய மணிகள் சேர்ந்தன. குழாயின் அடியிலிருந்து ஒரு முழம் மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். பச்சை அந்தக் கோட்டுக்கு வந்ததும் தண்ணீரை நிறுத்தி, மணிகளை அமிலத்தில் கழுவ வேண்டும். கழுவினால் பிடித்து வைத்த நிக்கல் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். அதைப் பிடிக்க ஒரு சிமெண்ட் தொட்டி வேண்டும் என்று கேட்டேன்.

"தொட்டியெல்லாம் வேண்டாம்மா. விழாவுக்கு வர்றவங்க கால்ல இடறும்" என்றார் பேராசிரியர்.

விழா நடந்தது. கரைவேட்டிகள் வந்தன. தமிழன் அன்றே மரத்தில் பிசின் எடுத்தான், இன்று அறிவியலில் பிசின் எடுக்கிறான் என்று எம்.எல்.ஏ. பேசினார். வேலமரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு குழாயைத் திறந்தார்கள். பட்டறைத் தண்ணீர் மேலே இறங்கியது, கீழே தெளிவாக வந்தது. மேல் மணிகள் பழுப்பு மாறி இளம்பச்சை ஆயின. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. மிராசுதாரின் காரியக்காரர், அதாவது அவருக்கு நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர், முன்னால் நின்று கத்தினார்.

"பச்சை பிடிச்சிருச்சு!"

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. ஒரு ஆள் கும்பிடக்கூடச் செய்தார். நான் பேராசிரியரின் காதருகே போய், "பச்சைன்னா நல்லதுன்னு நினைக்கிறாங்க சார், விளக்கிச் சொல்லிடுங்க" என்றேன்.

"சந்தோஷமா இருக்காங்கம்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றவர், மைக்கைப் பிடித்து, "நம் மண்ணின் பிசின் பச்சை பிடித்துவிட்டது" என்று முழங்கினார். அதற்கப்புறம் போன இடமெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம், அதுவும் காரியக்காரருடையது.

நான் காரியக்காரரிடம் கோட்டைக் காட்டிப் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த தடவை போனபோது குழாய் உச்சி முதல் அடி வரை கிளிப்பச்சை. சிவப்புக் கோட்டின் மேல் சந்தனம் வைத்து, குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள்.

"ஏங்க கழுவல?" என்றேன்.

"நல்லா பச்சையா இருக்கறத ஏம்மா கழுவணும்? பாக்கறவங்க எல்லாம் மெச்சிட்டுப் போறாங்க."

நிறைந்த பஸ் அது. உள்ளே போன நிக்கல் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷச் சம்பா நடவு நட்டு அத்தை மறுபடியும் பழுத்த நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேராசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் எரிச்சலோடு, கழுவிவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேருவதற்குள் காரியக்காரரே கழுவிவிட்டார். பட்டறையில் பாத்திரம் விளக்க வைத்திருந்த ஆசிட்டை எடுத்து ஊற்றியிருக்கிறார். மணிகள் மாதக்கணக்கில் பிடித்து வைத்த நிக்கல் எல்லாம் அடர்பச்சைத் தண்ணீராக இறங்கியது. தொட்டி இல்லை. வாய்க்கால் இருந்தது.

வேண்டுமென்றே செய்தாரா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவ்வளவு யோசனை உள்ளவர் இல்லை அவர். பச்சைத் தண்ணீர், வயலுக்கு உரமாகட்டும் என்றே மடையைத் திறந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். அத்தையின் மேல் இரண்டு வயலும் அடுத்த வாரமே வெந்து படுத்துவிட்டன.

விளைச்சல் இல்லை, அதனால் குத்தகை நெல் இல்லை. மிராசுதார் காத்துக்கொண்டிருந்த சமயம் அதுதான். அத்தை குத்தகை அளக்கவில்லை, நிலத்தைச் சரியாகப் பயிர் செய்யாமல் கெடுக்கிறாள், வெளியேற்ற வேண்டும் என்று வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வாய்க்கால் தண்ணீர் விஷம் என்று அத்தை எதிர்மனு போட்டாள். அதிகாரி நேரில் பார்வையிட வருவதாகச் சொன்னார்.

வந்தார். பட்டறையில் எல்லோரும் கூடி நின்றோம். அதிகாரி, மிராசுதார், பேராசிரியர், அத்தை, நான். பெரிய குழாய் கழுவிய பிறகு மறுபடியும் அடி வரை பச்சையாகி நின்றது. நான் கண்ணாடிக் குழாய் ஒன்றில் புது மணிகளை நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். நல்ல பழுப்பு. அன்றைக்கு எனக்கிருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கண்ணால் பார்த்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

"இந்தப் பெரிய குழாயிலேர்ந்து வெளிய வர்ற தண்ணிய, அய்யா, இதுல ஊத்திக் காட்டறேன். சுத்தமான தண்ணின்னா நிறம் மாறாது."

செம்பு செம்பாக ஊற்றினேன். மணிகள் மேலிருந்து மாறத் தொடங்கின. பளிச்சென்று, யாரும் சந்தேகப்பட முடியாத பச்சை. நான் நிமிர்ந்தேன். அதிகாரியின் முகம் மலர்ந்திருந்தது. அவரும் டெல்டாக்காரர், அவர் அப்பாவும் வயலில் நின்றவர்.

"அட, இதுவும் பச்சை பிடிச்சிருச்சே!" என்றார்.

"அய்யா, பச்சைன்னா அதுல நிக்கல் இருக்குன்னு அர்த்தம். விஷம்."

"பச்சை எப்படிம்மா கெட்டதாகும்? கெட்டுப்போனா கருப்பால்ல ஆகும்" என்றவர், பேராசிரியர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், பச்சை பிடிச்சிருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். மிராசுதாரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பச்சை பிடிச்சிருக்குங்க."

பொய் சொல்லவில்லை பாருங்கள். படித்த மனிதர் அல்லவா. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லாமல் ஒரு குடும்பத்தை நிலத்திலிருந்து இறக்குகிற சாமர்த்தியத்தை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அத்தை அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். "என் வயல்ல பிடிக்க வேண்டிய பச்சையெல்லாம் உங்க கொழாய்லயே பிடிச்சிருச்சுங்க. நான் எங்க போய் அறுக்கறது?"

அதிகாரி சிரித்தார். நன்றாகப் பேசுகிறாள் என்றார். பிறகு அவளுக்கு எதிராக எழுதிவிட்டுப் போனார்.

அத்தை நிலத்தை விட்டுக் கும்பகோணத்தில் ஒரு வாடகை அறைக்கு வந்தாள். வெற்றிலைக் கொடிக்கால்களில் கூலிக்குப் போனாள். மனு எழுதுவதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேராசிரியர் பரிசு வாங்கிச் சென்னைக்கு மாற்றலாகிப் போனார், கலைச்சொல் குழு ஒன்றில் உட்கார. அந்தக் குழாயை மாலையோடு கொண்டுவந்து கல்லூரி நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கவைத்தார்கள். உச்சவரம்பு வழக்கிலும் தப்பித்த மிராசுதார் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அத்தையின் வயலைச் சொந்தப் பண்ணையில் சேர்த்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் மிராசுதார் என்னைத் தேடி வந்தார். சோதனைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முன்பெல்லாம் என்னை "ஏம்மா பொண்ணு" என்று கூப்பிட்டவர்.

"நீங்கதாம்மா சொல்லணும். பட்டறைய எடுத்தாச்சு, தண்ணியெல்லாம் சுத்தம். ரெண்டு தடவ நட்டும் அந்த வயல்ல மட்டும் பச்சை பிடிக்கலம்மா. உங்க பிசினக் கொஞ்சம் வயல்ல போட்டு எடுத்தா சரியாயிருமாங்க?"

நான் அவரை உட்காரச் சொன்னேன். அவருக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். நாங்கள் ஆசிட்டும் கஞ்சியும் வைத்துக்கொண்டு மெனக்கெட்டுச் செய்ததை அவருடைய களிமண் சும்மாவே செய்துகொண்டிருக்கிறது. களிமண்ணும் ஒரு பிசின்தான். வந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். குழாயைக் கழுவுகிற மாதிரி வயலை ஆசிட்டில் கழுவினால் வயலே இருக்காது.

"அப்ப நிலத்துக்கு இப்ப என்னதாங்க ஆகியிருக்கு?"

"நல்லா பச்சை பிடிச்சிருக்குங்க" என்றேன். "மண்ணுக்குள்ள."

அவர் எழுந்து போன விதம் எனக்கு ஒரு வருஷச் சாப்பாடு. செருப்பைப் போட மறந்து படியிறங்கி, திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிக் கும்பகோணம் போனேன். அத்தையிடம் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். அவர் குரல், என் குரல், செருப்பு உள்பட. சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளும் சிரிப்பாள், பழைய அத்தையாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. அடுப்பில் வைத்த உலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சிரிக்காதடி. அது அவன் மண்ணா?"

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"இனிமே எப்பவுமே பச்சை பிடிக்காதாடி அதுல?"

எனக்குத் தெரிந்த வேதியியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. உலை கொதித்தது. அத்தை ரேஷன் அரிசியைக் களைந்து போட்டாள்.